அணில் படம் போட்ட வெள்ளிக்கிழமை

டெலிவிஷன் வந்துவிட்ட வீடுகளின் வாசலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செருப்புகள் குவிந்து கிடப்பதைப் பார்க்கிறோம். நம்மோடு விடுதியில் இருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் வீட்டிலும் இப்போது பெட்டி இருக்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து படம் பார்ப்பதைப் பெரிய புதுமை என்று விடுதித் தோழிகளான நீங்கள் பேசும்போதெல்லாம் நான் சும்மா இருந்துவிடுவேன். எங்கள் வீட்டுக்குள் படம் வந்தது நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது. ஒரே ஒரு முறைதான். அது குழந்தைகளைச் சிரிக்கவைக்க எடுத்த கார்ட்டூன் படம். ஆனால் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

காஞ்சிபுரத்தில் எங்களுடையது தறி வீடு. வாசலைத் தாண்டினால் நீளமாக ஒரே கூடம். பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களை, நீட்டிக் கட்ட இடம் வேண்டும் என்பதற்காகவே அதை அப்படிக் கட்டியிருந்தார்கள். தறிக்கு முன்னால் தரையில் ஒரு குழி. அப்பா அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் நெய்வார். கூடத்துக்குப் பின்னால் சமையலறை. மொத்த வீட்டுக்கும் மின்சாரம் என்றால் கூடத்தின் நடுவில் தொங்கிய ஒரு பல்புதான். சமையலறையில் மண்ணெண்ணெய் விளக்கு. அந்த விளக்கு கூடத்துக்குள் வரக் கூடாது. தறியில் இருக்கும் பட்டின் மேல் புகைக்கரி ஒரு பொட்டு விழுந்தாலும் புடவை வீண். அதனால் கரண்ட் போனால் கூடம் இருட்டாகவே கிடக்கும். நாங்களும் இருட்டிலேயே கிடப்போம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை.

ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் முனையோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கி இணைப்பது அத்தையின் வேலை. இழை வழுக்காமல் இருக்க விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் செய்வாள். தலைமயிரைவிட மெல்லிய இழைகள். நடுவில் ஒன்று அறுந்து தொங்கினால் வாசலில் நின்றபடியே, "அண்ணே, அந்தாண்ட ஒரு இழை போயிருக்குது பாரு" என்பாள். தெருவில் யார் வீட்டில் பாவு இணைத்தாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். 'அந்தப் பொண்ணு கண்ணு கண்ணாடி' என்று பெயர்.

அந்தக் கண்ணுக்கு விளக்கு வைத்த பிறகு ஒன்றும் தெரியாது.

இது எனக்குத் தெரியவந்தது ஒரு திருவிழாக் கூட்டத்தில். சாமி பார்த்துவிட்டுத் திரும்பும்போது இருட்டிவிட்டது. அத்தை என் தோளில் கை போட்டு நடந்துகொண்டிருந்தாள். கூட்டம் நெருக்கியதில் என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் வந்த வேறொரு சின்னப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் வீறிட்டு அழுதது. நான் ஓடிவந்து, "இன்னாத்த, நான் இங்க இருக்கறேன்" என்றேன். அத்தை குரல் வந்த பக்கம் திரும்பினாளே தவிர, பார்வை என் தலைக்கு மேலே எங்கேயோ நின்றது. அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

"ஆர்கிட்டயும் சொல்லாதடி. வெளில தெரிஞ்சா எவன் கட்டிக்குவான்? அண்ணனுக்குத் தெரிஞ்சா இடிஞ்சி பூடும். எம்மேல ஆணையா சொல்லு."

ஆணையிட்டேன். அன்றிலிருந்து என் தோள் அவளுக்குக் கைப்பிடி. இருட்டினால் எங்கே போனாலும் என் தோளில் அவள் கை இருக்கும். அண்ணன் மகள் மேல் எவ்வளவு பாசம் என்று தெரு சொன்னது. வீட்டுக்குள் நான் தேவைப்படவில்லை. தறிக்கால், நூல் மூட்டை, தண்ணீர் அண்டா, சமையலறை நிலைப்படி என்று ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக்கொண்டே போய்விடுவாள். புதிதாக வந்து பார்ப்பவர்களுக்கு, வீட்டுப் பொருளையெல்லாம் செல்லமாகத் தடவிக்கொண்டு போகும் பெண் என்றுதான் தோன்றும்.

அத்தைக்கு வரன் வந்தது வாலாஜாபாத்திலிருந்து. மாப்பிள்ளை சொந்தமாகப் படம் போடுகிற மிஷின் வைத்திருந்தார். திருவிழாவுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோய்ப் படம் காட்டுவார். அதனால் நான் அவரைப் படக்காரர் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவருடைய அம்மா ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரத்தில்தான் பெண் பார்ப்பார்கள். அவர்கள் வீட்டு வழக்கம் அது.

இதைக் கேட்டதும் நான் அத்தையைப் பார்த்தேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் புள்ள படம் போடறவருதானே. மிஷினையும் எடுத்துக்கினு வரச் சொல்லு. எல்லாம் ஒண்ணா உக்காந்து பாக்கலாம். பாப்பாவும் அணில் படம் பாக்கலன்னு அழுதுக்கினு இருக்குது" என்றார்.

அணில் படம் அப்போது எல்லாப் பள்ளிக்கூடங்களையும் சுற்றிவந்த கார்ட்டூன். ஒரு அணில் குடும்பம் குடியிருந்த மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அப்பா அணில், அம்மா அணில், நான்கு குட்டிகள் வேறு மரம் தேடிப் போகின்றன. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டிய அன்று எனக்கு அம்மை போட்டிருந்தது. திரும்பிப் போனால் வகுப்பே மூக்கைச் சுருக்கிக்கொண்டு அணில் மாதிரி பேசுகிறது. நான் ஒருத்திதான் பார்க்காதவள். அந்தப் படம் எங்கள் வீட்டுக்கே வரப்போகிறது. என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. படம் என்றால் இருட்டு.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து என்னென்ன நடக்கலாம் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். அத்தை யார் காலையாவது மிதிக்கலாம். வெற்றிலைத் தட்டைச் சுவரிடம் நீட்டலாம். மாப்பிள்ளை அம்மா என்று நினைத்து என் அம்மா காலில் விழலாம். ஒவ்வொன்றுக்கும் நான் என்ன செய்ய வேண்டும் என்றும் யோசித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கூடத்தைப் பார்த்ததும் என் யோசனை எல்லாம் போய்விட்டது.

வருகிறவர்கள் கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் கூடத்தையே மாற்றியிருந்தார்கள். நூல் மூட்டை இருந்த இடத்தில் இல்லை. அண்டா கொல்லைக்குப் போய்விட்டது. தறியைத் துணியால் மூடி, தறிக்காலிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிவரை அப்பாவின் புது வெள்ளை வேட்டியை விறைப்பாகக் கட்டியிருந்தார்கள், அதுதான் திரை. குழியின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் கோரைப்பாய். அத்தை கையால் தொட்டுப் போகிற வழியில் நிலைப்படியைத் தவிர ஒன்றுகூட மிச்சம் இல்லை.

அத்தை சமையலறை வாசலில் நின்று அதையெல்லாம் பார்த்தாள். வெளிச்சம் இருந்தவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். புது இடங்களை மனப்பாடம் செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"எங்கூடவே ஒட்டிக்கினு இருடி. எழுந்து போயிடாத" என்றாள்.

வந்தவர்கள் படக்காரர், அவருடைய அம்மா, அந்த அம்மாவின் மகள் வயிற்றுப் பேரன்கள் இரண்டு பேர். பல்பு வெளிச்சத்தில் அத்தை தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். காப்பியை அம்மாவே கொண்டுவந்து கொடுத்தாள். பெண் கையில் தட்டைக் கொடுத்து அனுப்பாதது எனக்கு அப்போது விநோதமாகப் படவில்லை; நிம்மதியாக இருந்தது. படக்காரர் அத்தையை ஒரு முறை பார்த்தார். அப்புறம் மிஷினைப் பார்த்தார். மறுபடியும் அத்தையைப் பார்த்தார்.

"டேய், மிஷின் எங்கயும் போவாது" என்றார் அவருடைய அம்மா.

எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் கிடையாது. படக்காரர் ஸ்டூலில் ஏறி பல்பைக் கழற்றி, அந்த ஹோல்டரிலேயே ஒரு பிளக்கைச் செருகி அங்கிருந்து மிஷினுக்கு ஒயர் இழுத்தார். மூன்று வருடம் மின்சாரம் படித்துவிட்டு இன்று அதை நினைத்தால் வீடு தீப்பிடிக்காதது அதிசயமாக இருக்கிறது. நாற்பது வாட் பல்புக்குப் போட்ட மெல்லிய ஒயரில் ஐந்நூறு வாட் விளக்கையும் ஒரு மோட்டாரையும் தொங்கவிட்டோம். அன்றைக்கு யாருக்கும் அந்தப் பயம் இல்லை. கழற்றிய பல்பு சுட்டது. அப்பா அதைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்து, "ஒடைச்சிடாத பாப்பா" என்றார். வீட்டில் இருந்த ஒரே வெளிச்சம் இப்போது என் மடியில்.

தெருக் கதவைச் சாத்தினார்கள். சமையலறை விளக்கின் திரியை அம்மா இறக்கிவிட்டாள். மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. சூடான தூசி வாசனை வந்தது. அப்பாவின் வேட்டி முழுக்கப் பச்சையானது. பச்சைக்கு நடுவில் ஒரு அணில் தலையை நீட்டியது.

படத்தில் பேசியது எல்லாம் இங்கிலீஷ். படக்காரர் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஊர் ஊராகச் சொல்லிப் பழகிய குரல். "இதோ பாருங்க, வூட்டுக்காரம்மா மூட்ட கட்டுது. வூட்டுக்காரரு இன்னா செய்றாரு? வாலைச் சீவிக்கினு இருக்காரு."

"உங்க அப்பன் மாதிரி" என்றார் அவருடைய அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். என் தோளில் இருந்த அத்தையின் கையும் குலுங்கியது. வெளிச்சமான திரை அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சுற்றியிருந்த நாங்கள்தான் தெரியவில்லை. ஒரு குட்டி வழி தவறி நின்றபோது அவள் தன்னை மறந்து, "ஐயோ, அந்தச் சின்னது எங்க?" என்று கேட்டுவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறந்து பேசக் கூடாது. இருட்டிலிருந்து படக்காரரின் குரல், ஊருக்குச் சொல்கிற குரலாக இல்லாமல், "வந்துடும்ங்க. கவலப்படாதீங்க" என்றது.

அப்போது கொஞ்ச நேரம் நான் பயத்தை மறந்தேன். நானும் அணில் படம் பார்த்தேன்.

முதல் சுருள் முடிந்தது. மிஷின் நின்றது. திரை அணைந்ததும் கூடம் கிணற்றுக்குள் போனதுபோல் ஆகிவிட்டது. படக்காரர் ஒரு சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த சுருளை மாட்டத் தொடங்கினார். அந்த வெளிச்சம் அவர் விரலோடு நின்றுவிட்டது.

"பொண்ணே, தொண்ட காஞ்சி போச்சு. ஒரு வாய் தண்ணி குடும்மா" என்றார் அவருடைய அம்மா.

நான் எழுந்துவிட்டேன். "நான் கொண்டாறேன்."

"நீ இங்க வா, எம்பக்கத்துல உக்காரு. அந்தக் குட்டிக்கு இன்னா ஆவும்னு சொல்லு. எம்மருமவளா வரப்போறவ கையால குடிக்கிறேன்."

அவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். மடியில் பல்பு. அத்தையின் கை என் தோளிலிருந்து போயிற்று. அவள் சுவரோடு உரசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. சமையலறைக்குப் போய்விட்டாள், அங்கே கொஞ்சம் வெளிச்சம் உண்டு. திரும்பி வருவதுதான் கஷ்டம். தட்டில் நிறைந்த டம்ளர், தட்டை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். சுவரைத் தொடக் கை இல்லை.

நிலைப்படியில் அவள் நின்றாள். மங்கலான உருவம் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு நாங்கள் யாரும் தெரியமாட்டோம். இடையில் பாய், நீட்டிய கால்கள், படம் ஓடும்போது பேரன்கள் ஏறிக் குதித்த பலகை. குழி எந்தப் பக்கம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கத்தாவிட்டால் விழுந்துவிடுவாள்.

"இன்னாமா நின்னுட்ட? குடு" என்றார் அப்பா. எழுந்திருக்கப் பாயில் கையை ஊன்றினார்.

அவள் இரண்டு எட்டு வைத்தாள், தட்டில் டம்ளர் ஆடும் சத்தம் கேட்டது. டிங் டிங் என்று மெல்லிய சத்தம். அது நிற்கவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அத்தை பேசினாள்.

"அந்த மிஷின் லைட்டக் கொஞ்சம் போடறீங்களா? எனக்கு இருட்டுல கண்ணு தெரியாது."

படக்காரர் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். எதுவும் கேட்காமல் மிஷினின் ஸ்விட்சைத் தட்டினார். வேட்டி முழுக்க வெள்ளை வெளிச்சம். அது கூடம் முழுவதும் பரவியது. பலகை நகர்ந்து கிடந்தது. பாயின் ஒரு மூலை குழிக்குள் தொங்கியது. அத்தையின் கால் அதிலிருந்து ஒரே ஒரு எட்டு தூரத்தில்.

அப்பா எழுந்து நின்றார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. புது மனுசங்க முன்னால பொண்ணுக்கு வெக்கம், அதான் இப்டி..."

"வெக்கம் இல்லண்ணே. மாலைக்கண்ணு" என்றாள் அத்தை.

அவள் குழியைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்து அந்த அம்மாவிடம் டம்ளரைக் கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்தபடி முழுத் தண்ணீரையும் குடித்தார். பேரன்கள் இரண்டு பேரும், "மீதிப் படம், மீதிப் படம்" என்று கத்தத் தொடங்கினார்கள்.

"போடட்டுமாம்மா?" என்று கேட்டார் படக்காரர். "படமில்லாம லைட்ட எரியவிட்டா பல்பு பூடும்."

"போடுடா. பாதில எழுந்து போனா நல்லா இருக்காது."

இரண்டாவது சுருளை யாரும் பார்க்கவில்லை, அந்தப் பையன்களைத் தவிர. எல்லோரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படக்காரர் கதை சொல்லவில்லை. அணில்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டு ஆற்றைக் கடந்தன. அத்தை என் தோளில் கை வைக்கவில்லை. மடியில் கோத்து வைத்திருந்தாள். கடைசியில் குட்டி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குச் சரியாக நினைவில்லை.

படம் முடிந்ததும் படக்காரர் மிஷினைக் கட்டி வைக்கவில்லை. "பல்பக் குடு பாப்பா, மொதல்ல லைட்டு" என்று என்னிடம் வாங்கி மாட்டினார். அதற்கப்புறம்தான் ஒயரைச் சுற்றினார்.

வாசலில் அவருடைய அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினார். "தப்பா எடுத்துக்காதம்மா. தங்கமான பொண்ணு. எம்புள்ளைக்கு ராத்திரிலதான் பொழப்பு. மிஷினத் தூக்கிக்கினு போனா விடிஞ்சிதான் வருவான். எங்க வூட்டுல கரண்டும் இல்ல. நானும் இன்னும் எத்தினி நாளு? அந்தப் பொண்ணு ராவெல்லாம் தனியா எப்டிமா இருக்கும்?"

படக்காரர் மாட்டு வண்டியில் மிஷினை ஏற்றிவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வண்டி போய்விட்டது.

கதவைச் சாத்தியதும் அப்பா அத்தையைப் பார்த்துக் கேட்டார். "இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கினு இருந்தா இன்னாமா? தட்ட நான் வந்து வாங்கியிருப்பேனே."

அம்மாவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அவ மேல பாயாதீங்க. நான் மொதல்லயே சொன்னேன், சொல்லிட்டே செய்யலாம்னு. இருட்டுல உக்கார வெச்சிட்டா ஆரும் நடக்க வேணாம், ஆருக்கும் தெரியாதுன்னு நீங்கதானே படம் படம்னு நின்னீங்க."

அத்தை தறிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே?"

அப்பா குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். "பாவாட கட்ற வயசுலேர்ந்தே தெரியும்மா. உன்ன கேட்டா நீ மனசு ஒடிஞ்சி பூடுவன்னு..."

"நீ சொன்னியாடி?" என்று என் பக்கம் திரும்பினாள் அத்தை.

"இல்லத்த. நான் ஆர்கிட்டயும் சொல்லல."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "செவுத்தத் தடவித் தடவி என் கையே தேஞ்சி போச்சி. ஆர்கிட்டடி மறைச்சேன் நானு?"

அப்போது பிடிபடாதது பிறகு யோசிக்கையில் பிடிபட்டது. அம்மா எப்போதும் தானே தட்டை எடுத்ததும், பொருள்களை வருடக்கணக்கில் இடம் மாற்றாமல் வைத்திருந்ததும், இருட்டினால் அத்தையை வெளியே அனுப்பும்போதெல்லாம் "பாப்பாவயும் இட்டுக்கினு போ" என்றதும் எதற்காக என்று. அவள் மறைப்பதற்கு அவளுக்கே தெரியாமல் அவர்கள் உதவிக்கொண்டிருந்தார்கள். அன்று ஒரு நாள், வருகிறவர்களுக்காக, அவர்களே அதைக் கலைத்தார்கள். அத்தனை வருடமும் ஒரு கண் டாக்டரிடம் மட்டும் அழைத்துப் போகவில்லை. போனால் தெருவுக்குத் தெரிந்துவிடுமாம். அதற்குப் பிறகுதான் அப்பா சென்னைக்கு அழைத்துப் போனார். இது கூடப் பிறந்தது, பகல் பார்வை இப்படியே இருக்கும், இரவில் வெளிச்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அவ்வளவுதான் மருந்து.

வாலாஜாபாத்திலிருந்து ஆள் வரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வரன் மாகறல் பக்கத்திலிருந்து, அறுவடை முடிந்த பிறகு வந்தது. நெசவுக்காரர்தான். காலையிலேயே வந்தார்கள். காப்பித் தட்டை அத்தையே கொண்டுவந்தாள். அப்பா ஜாதகம், கோத்திரம் என்று ஏதோ தொடங்கினார். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு ராத்திரில கண்ணு தெரியாது. அத மொதல்ல தெரிஞ்சிக்கினு அப்பறம் காப்பி குடிங்க."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை டம்ளரை எடுக்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அத்தையிடம் சொன்னார்.

"எனக்கு ஒரு காது கேக்காதுங்க."

"டேய்!" என்று அதட்டினார் அவருடைய அப்பா.

"எந்தக் காது?" என்று கேட்டாள் அத்தை.

அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அத்தை ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அவருக்கு வலது பக்கமாக வந்து நின்றாள்.